சாத்துக்குடிக்குள் 20 கிலோ மீட்டர் நூல்!

உயிரணுவுக்குள் நடக்கும் அதிசய மூட்டை கட்டல்

ஊர்த் தேரின் வடத்தை ஒரு மூக்குப்பொடி டப்பாவுக்குள் அடைக்க முடியுமா?

"இது என்ன பைத்தியக்காரக் கேள்வி!" என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால், இதைவிடக் கடினமான காரியம் ஒன்று மனித உடலுக்குள் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்வது நம் உடலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிரணு.

உயிரணுவை 'செல்' என்று சொல்லுகிறார்கள். அதன் நடுவே உட்கரு இருக்கிறது. உட்கருவுக்குள் இருப்பது 'டி.என்.ஏ.' என்ற நூல். கண்ணின் நிறம் முதல் ரத்தத்தின் வகை வரை, தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குறிப்புகள் எல்லாம் இந்த நூலில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதில் உள்ள எழுத்துக்கள் நான்கே நான்கு. ஆனால் அந்த நான்கு எழுத்துக்களும் மாறி மாறி 600 கோடி இடங்களுக்கு மேல் வருகின்றன!

ஒரே ஓர் உயிரணுவில் உள்ள இந்த நூலை எடுத்து நீட்டினால், அதன் நீளம் சுமார் 2 மீட்டர். ஆறடி மனிதனையும் தாண்டிவிடும். அதை வைத்திருக்கும் உட்கருவின் அகலமோ, ஒரு மில்லி மீட்டரை நூற்று அறுபது கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான்.

இவ்வளவு நீள நூல் அவ்வளவு சிறிய இடத்தில் எப்படி அடங்குகிறது? அதன் மடிப்பில் சிறு பிசகு நேர்ந்தால் என்ன ஆகும்? பத்து வயதுச் சிறுவன் கிழவனைப் போல் ஆகிவிடும் கொடுமைகூட நேரும்!

சாத்துக்குடி கணக்கு

எளிதில் விளங்குவதற்கு, எல்லாவற்றையும் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம்.

அப்போது உட்கரு ஒரு சாத்துக்குடிப் பழத்தின் அளவு ஆகிவிடும். டி.என்.ஏ. நூலின் நீளம் 20 கிலோ மீட்டர் ஆகிவிடும். டவுன் பஸ்சில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்! நூலின் கனம் மட்டும் தலைமுடியைவிட மெல்லியதாகவே இருக்கும்.

இதில் இன்னொரு விந்தை உண்டு. அந்த 20 கிலோ மீட்டர் நூலையும் திரட்டி இறுக உருட்டினால், ஒரு நெல்லிக்காய் அளவுதான் வரும். சாத்துக்குடிக்குள் நெல்லிக்காய் தாராளமாக அடங்கும் அல்லவா? ஆகவே, 'இடம் போதுமா?' என்பது அல்ல சங்கடம். சிக்கு விழாமல் சுற்ற வேண்டும். வேண்டிய நேரத்தில் வேண்டிய பகுதியை மட்டும் பிரித்துப் படிக்க வேண்டும். மற்றப் பகுதிகள் கலையக் கூடாது. உயிரணு பிரியும்போது நூல் அறுபடாமல் இரு பங்காக வேண்டும். அதுதான் சங்கடம்.

காற்றாடி விட்டுப் பழகிய சிறுவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். நூறு கஜம் நூலில் சிக்கு விழுந்தாலே அரை நாள் போய்விடும்!

சீழ்த் துணியில் கிடைத்த பொருள்

இந்த நூலை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் பிரெடரிக் மீஷர் என்ற இளம் டாக்டர். சுவிட்சர்லாந்து தேசத்தவர். 1869-ம் ஆண்டில் ஜெர்மனியில் டூபிங்கன் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பழைய கோட்டை ஒன்றின் சமையலறைதான் அவருடைய ஆராய்ச்சிசாலை.

பக்கத்து ஆஸ்பத்திரியில், புண்களில் கட்டி எறிந்த துணிகளை அவர் வாங்கிவந்தார். அவற்றில் சீழ் படிந்திருக்கும். சீழ் என்பது பெரும்பாலும் வெள்ளை அணுக்கள்தான். அந்த அணுக்களின் உட்கருக்களைத் தனியே பிரித்தபோது, அதுவரை யாரும் கண்டிராத ஒரு பொருள் கிடைத்தது. அதில் பாஸ்பரஸ் அதிகமாக இருந்தது. அதற்கு 'நியூக்ளின்' என்று பெயர் வைத்தார். அதுதான் பிற்காலத்தில் டி.என்.ஏ. ஆயிற்று.

மீஷரின் பேராசிரியருக்கே நம்பிக்கை வரவில்லை. சோதனைகளைத் தாமும் செய்துபார்த்த பிறகே, 1871-ல் கட்டுரை வெளிவர அனுமதித்தார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஜெர்மனியில் வால்தர் பிளெமிங் என்ற விஞ்ஞானி, சாயம் தோய்த்த உயிரணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உட்கருவுக்குள் ஒரு பொருள் மட்டும் சாயத்தைப் பளிச்செனப் பிடித்துக்கொண்டது. உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில், அது நூல் நூலாகத் திரண்டு, சரிபாதியாகப் பங்கு போவதைக் கண்டார். 1882-ல் புத்தகமாக எழுதி வெளியிட்டார். அந்த நூல்களுக்குத்தான் பிறகு 'குரோமோசோம்' என்ற பெயர் ஏற்பட்டது.

48 அல்ல, 46!

மனித உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள்? 1923 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக '48' என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். பாடப் புத்தகங்களிலும் அப்படியே அச்சாயிற்று. ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் நூல்களைச் சரியாக எண்ணுவது அவ்வளவு கடினமாக இருந்தது.

1955-ம் ஆண்டு டிசம்பரில், ஸ்வீடனில் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் டியோ என்பவர் மீண்டும் எண்ணிப் பார்த்தார். உயிரணுக்களை உப்புச் சத்துக் குறைந்த நீரில் ஊறவைத்து உப்பச் செய்ததால், குரோமோசோம்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தெளிவாகத் தெரிந்தன. எண்ணினால் 46! திரும்பத் திரும்ப எண்ணினாலும் 46-தான். ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1956-ல் வெளிவந்தது. உலகமே பாடத்தைத் திருத்திக்கொண்டது.

ஆக, 2 மீட்டர் நூல் ஒரே நூலாக இல்லை. 46 துண்டுகளாக இருக்கிறது. மிக நீளமான துண்டை நீட்டினால் சுமார் எட்டரை சென்டி மீட்டர் இருக்கும்.

நூலின் வடிவம் 1953-லேயே தெரிந்துவிட்டது. லண்டனில் ரோஸலிண்ட் பிராங்க்ளின் அம்மையாரின் ஆராய்ச்சியில் எடுத்த எக்ஸ்ரே படங்களும் கணக்குகளும் துணை நிற்க, கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் 'முறுக்கிய நூலேணி' போன்ற உருவத்தைக் கண்டறிந்தார்கள். ஆனால் அந்த ஏணி உட்கருவுக்குள் எப்படி மடிந்திருக்கிறது என்பது இன்னும் இருபது ஆண்டுக் காலம் ரகசியமாகவே இருந்தது.

மூன்று கோடி நூல்கட்டைகள்

ரகசியத்தின் சாவி வாத்தின் ரத்தத்தில் கிடந்தது! மனிதனின் சிவப்பு அணுவில் உட்கரு கிடையாது. பறவைகளின் சிவப்பு அணுவில் உண்டு. 1884-ல் ஆல்பிரக்ட் காஸெல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, வாத்தின் ரத்தத்திலிருந்து ஒரு புரோட்டீனைப் பிரித்தெடுத்தார். அதற்கு 'ஹிஸ்டோன்' என்று பெயரிட்டார். இந்த ஹிஸ்டோன், டி.என்.ஏ.யை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் மின்சாரம்தான். டி.என்.ஏ. நூல் நெடுகிலும் எதிர் மின்சாரம். ஹிஸ்டோனில் நேர் மின்சாரம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

1973, 74-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்னும் இடத்தில், டொனால்ட் ஓலின்ஸ், அடா ஓலின்ஸ் என்ற கணவனும் மனைவியும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஒரு காட்சியைக் கண்டார்கள். நூலில் கோத்த மணிமாலைபோல் வரிசையாக உருண்டைகள்! கிறிஸ்டோபர் உட்காக் என்ற விஞ்ஞானியும் தனியே இதைக் கண்டார்.

அந்த மணிகள் என்ன? 1974-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ரோஜர் கார்ன்பெர்க் என்ற இளைஞர் விடை சொன்னார். அப்போது அவருக்கு வயது 27. நான்கு வகை ஹிஸ்டோன்களில் வகைக்கு இரண்டாக எட்டு சேர்ந்து ஒரு கட்டை ஆகிறது என்றார். நெசவாளர் வீட்டில் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதைப் போல, ஒவ்வொரு கட்டையிலும் டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு கட்டைக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்று. பிறகு கொஞ்சம் வெறும் நூல். பிறகு அடுத்த கட்டை. இப்படி ஓர் உயிரணுவில் சுமார் மூன்று கோடிக் கட்டைகள்!

1997-ல் சுவிட்சர்லாந்தில், திமதி ரிச்மண்ட், கரோலின் லூகர் முதலியோர் இந்தக் கட்டையின் உருவத்தை அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டினார்கள். கட்டையின் அகலம் ஒரு மில்லி மீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு!

நூல் கட்டையில் நுழையும் இடத்திலும் விடுபடும் இடத்திலும் ஒரு பூட்டுப் போட வேண்டாமா? அதற்கும் தனி ஹிஸ்டோன் உண்டு. கோழியின் ரத்தத்தில் உள்ள அப்படிப்பட்ட ஒரு ஹிஸ்டோனின் முக்கிய பாகத்தின் உருவத்தை 1993-ல் கண்டறிந்த குழுவின் தலைவர் ஒரு தமிழர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்தான் அவர். உயிரணுவின் புரோட்டீன் தொழிற்சாலையான ரைபோசோமைப் பற்றிய ஆராய்ச்சிக்காக, 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொய்த்துப்போன படம்

கட்டைகளில் சுற்றுவதால் நூலின் நீளம் ஆறேழு மடங்குதான் குறையும். அது போதாது. அடுத்த மடிப்பு எப்படி?

கட்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, தடித்த கயிறாக முறுக்கேறி இருக்கும் என்று பல ஆண்டுகளாகப் பாடப் புத்தகங்கள் படம் போட்டுக் காட்டின. பார்க்க அழகான படம். ஆனால், உயிரணுவுக்குள்ளேயே நேராகப் பார்த்தவர்களுக்கு அப்படிப்பட்ட கயிறு தென்படவில்லை. 2017-ல் அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் எடுத்த படங்களில், ஓர் இடத்தில் தடிப்பு, ஓர் இடத்தில் மெலிவு என்று ஒழுங்கில்லாத சங்கிலிதான் காணப்பட்டது. சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் தளர்வாகவும் அது கிடந்தது.

அப்படியானால் எல்லாம் குப்பைக் குவியலா? இல்லை. மோதிரம் போன்ற புரோட்டீன்கள் நூலைப் பிடித்து, சுருக்குப் போட்டு, கண்ணி கண்ணியாக இழுக்கின்றன. 2018-ல் ஹாலந்தில் டெல்ப்ட் நகர விஞ்ஞானிகள், ஒரே ஒரு டி.என்.ஏ. நூலில் இப்படிக் கண்ணி வளர்வதைக் கண்கூடாகப் படம் பிடித்தார்கள். உயிரணு பிரியும் சமயத்தில் இந்தக் கண்ணிகள் இறுகி இறுகி, நூலின் நீளம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறுகிவிடுகிறது. பிளெமிங் கண்ட தடித்த நூல்கள் அவைதான்.

46 குரோமோசோம்களும் உட்கருவுக்குள் கண்டபடி கலந்து கிடப்பதும் இல்லை. ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மனை இருப்பதுபோல், ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. 2009-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், உயிரணுவைப் பார்மலினில் நனைத்து, நூலின் எந்தப் பகுதிக்குப் பக்கத்தில் எந்தப் பகுதி இருக்கிறது என்று வரைபடமே தயாரித்துவிட்டார்கள். வேலை செய்யும் பகுதிகள் ஒன்றாகக் கூடுகின்றன. உறங்கும் பகுதிகள் தனியே ஒதுங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை உட்கருவின் ஓரத்தில், சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கின்றன.

சிக்கு எடுக்கும் தொழிலாளி

இத்தனைக்கும் பிறகு சிக்கு விழாதா? விழும். அதை எடுக்கவும் ஆள் இருக்கிறது!

'டோபோஐசோமரேஸ்' என்ற என்சைம்தான் அந்தத் தொழிலாளி. முதலாவதை 1971-ல் ஜேம்ஸ் வாங் என்பவர் கண்டுபிடித்தார். இவற்றில் ஒரு வகை, நூலை வெட்டுகிறது. வெட்டிய இடைவெளி வழியே இன்னொரு நூலை நுழைத்து அனுப்புகிறது. பிறகு வெட்டிய இடத்தைத் தடம் தெரியாமல் ஒட்டிவிடுகிறது. எந்த மந்திரவாதியும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது.

கிருமிகளுக்கும் இந்தத் தொழிலாளி இல்லாமல் முடியாது. நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லி மீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான். அதன் டி.என்.ஏ. நூலோ ஒன்றரை மில்லி மீட்டர்! டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் 'சிப்ரோபிளாக்சசின்' மாத்திரை, கிருமியின் இந்தச் சிக்கெடுக்கும் என்சைமைத்தான் முடக்குகிறது. நூல் அறுபட்டுக் கிருமி சாகிறது.

படிப்பதா, பூட்டுவதா?

கணையத்தில் உள்ள ஓர் உயிரணு இன்சுலின் செய்கிறது. தோலில் உள்ள உயிரணு செய்வதில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே நூல், ஒரே எழுத்துக்கள். பின் ஏன் இந்த வித்தியாசம்?

மடிப்பில்தான் வித்தியாசம். தோல் உயிரணுவில் இன்சுலின் பக்கம் இறுக மூடிக் கிடக்கிறது. கணைய உயிரணுவில் திறந்து கிடக்கிறது. திறந்த பக்கத்தைத்தான் படிக்க முடியும்.

ஹிஸ்டோன் கட்டைகளுக்குச் சிறு வால்கள் உண்டு. அந்த வாலில் 'அசெட்டில்' என்ற சிறு ரசாயனத் துணுக்கு ஒட்டிக்கொண்டால், நேர் மின்சாரம் குறைகிறது. கட்டையின் பிடி தளர்கிறது. நூல் திறக்கிறது. 1964-லேயே வின்சென்ட் ஆல்பிரே என்பவர் இதைச் சொன்னார். அப்போது பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1996-ல் டேவிட் அல்லிஸ் என்பவரின் ஆராய்ச்சிசாலையில், குளத்து நீரில் வாழும் ஓர் உயிரணுப் பிராணியிலிருந்து, அந்தத் துணுக்கை ஒட்டும் என்சைமைப் பிரித்தெடுத்தார்கள். 'வெறும் மூட்டை கட்டும் கயிறு' என்று எண்ணியிருந்த ஹிஸ்டோன், புத்தகத்தின் பூட்டும் சாவியுமாக இருப்பது தெரியவந்தது. ஒட்டிய துணுக்கை எடுத்துவிடும் என்சைமைத் தடுக்கும் மருந்து ஒன்று, 2006 முதல் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

மடிப்பின் வேலையை வீட்டுப் பூனையிடமும் பார்க்கலாம். கருப்பு, செம்பட்டை, வெள்ளை என மூன்று நிறத் திட்டுகள் உள்ள பூனை அநேகமாகப் பெண் பூனையாகவே இருக்கும். பெண் உயிரணுவில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அவற்றில் ஒன்று சுருட்டி மூலையில் போடப்படுகிறது. இதை 1961-ல் மேரி லயன் அம்மையார் எடுத்துச் சொன்னார். கருப்பு நிறக் குறிப்பு ஒரு எக்ஸிலும், செம்பட்டைக் குறிப்பு மற்றொன்றிலும் இருந்தால், எது எங்கே சுருட்டப்பட்டதோ அதற்கேற்ப உடம்பில் திட்டுகள் விழும்!

இரவில் திரியும் எலியின் கண்ணில் இன்னும் விசித்திரம். மங்கிய ஒளியைக் காணும் உயிரணுக்களில், உறங்கும் நூல் ஓரத்தில் இல்லாமல் நடுவே திரண்டிருக்கிறது. அது ஒரு சிறு லென்சைப்போல் வெளிச்சத்தை உள்ளே அனுப்புகிறது என்று 2009-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

சுவர் கோணினால்...

உறங்கும் பகுதிகள் சுவரோடு ஒட்டிக் கிடக்கின்றன அல்லவா? அந்தச் சுவரே கோணிப்போனால்?

'புரோஜீரியா' என்று ஒரு நோய். மிக மிக அபூர்வமானது. பிறக்கும்போது குழந்தை நன்றாகத்தான் இருக்கும். ஓரிரு வயதுக்குள் வளர்ச்சி குன்றும். முடி உதிரும். தோல் சுருங்கும். மூட்டுக்கள் இறுகும். ரத்தக் குழாய்கள் கிழவருடையதைப்போல் தடித்துவிடும். அறிவு மட்டும் சிறிதும் மங்குவதில்லை. விளையாட்டும் படிப்பும் சிரிப்பும் மற்றக் குழந்தைகளைப் போலத்தான். சிகிச்சை இல்லாவிட்டால், சராசரியாகப் பதினான்கு, பதினைந்து வயதில் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ உயிர் பிரிகிறது.

அமெரிக்காவில் லெஸ்லி கார்டன் என்ற டாக்டர் அம்மையாரின் மகனுக்கே இந்த நோய் வந்தது. இந்த நோயை ஆராய அப்போது ஒரு ஸ்தாபனம்கூட இல்லை. அழுதுகொண்டு உட்கார்ந்துவிடாமல், 1999-ல் குடும்பத்தாருடன் சேர்ந்து அவரே ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 2003-ல், பிரான்சிஸ் காலின்ஸ் முதலியோருடன் சேர்ந்து நோயின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பிரான்சிலும் ஒரு குழு அதே ஆண்டில் அதையே கண்டது.

காரணம் என்ன? நூலில் ஓர் எழுத்துப் பிழை! ஒரே ஓர் எழுத்து!

உட்கருவின் உட்சுவருக்கு வலுக் கொடுப்பது 'லாமின்' என்ற புரோட்டீன். எழுத்துப் பிழையால், லாமினில் ஒரு பகுதி விட்டுப்போகிறது. பிசின்போன்ற ஒரு வால் கழலாமல், அந்தப் பழுதான லாமின் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. உருண்டையாக இருக்க வேண்டிய உட்கரு, நசுங்கிய தகர டப்பாவைப்போல் ஆகிறது. சுவரோரம் மூடிக் கிடந்த நூல் இடம் பெயர்கிறது. மூடியிருக்க வேண்டிய பக்கங்கள் திறக்கின்றன.

பிசின் வால் ஒட்டாமல் தடுக்க ஒரு மருந்து ஏற்கெனவே இருந்தது. புற்றுநோய்க்காகத் தயாரித்த 'லோனாபார்னிப்' என்ற மருந்து அது. 2007-ல் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். நோய் அடியோடு போகவில்லை. ஆனால் ஆயுள் நீண்டது. 2020 நவம்பரில் அமெரிக்க சர்க்கார் அனுமதி அளித்தது. இந்த நோய்க்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அதுவே.

டாக்டர் அம்மையாரின் மகன் அதற்குள் காலமாகிவிட்டான். 2014-ல், பதினேழாவது வயதில். தாய் வேலையை நிறுத்தவில்லை.

2021-ல், அந்த ஓர் எழுத்தையே திருத்தும் முறையை இந்த நோயுள்ள எலிகளில் செய்துபார்த்தார்கள். எலிகளின் ஆயுள் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது.

அபூர்வ நோய்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பழுதான அந்த லாமின், நோயில்லாத மனிதர்களின் உயிரணுக்களிலும் சிறு அளவில் உண்டாவதாக விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். எனவே, இந்தக் குழந்தைகளின் நோயை ஆராய்வது, எல்லோருக்கும் வரும் முதுமையை ஆராய்வதும் ஆகிறது.

சீழ்த் துணியில் அந்தப் பொருளை மீஷர் கண்டபோது, அது எதற்கு என்று அவருக்கே தெரியாது. இன்று அது எப்படிச் சுற்றியிருக்கிறது, எங்கே மடிந்திருக்கிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. நூலைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அதன் மடிப்பையும் அறிய வேண்டும். அந்த மடிப்பைச் சரிசெய்யும் வித்தை கைகூடும் நாளை, தலைமுடி உதிர்ந்த அந்தப் பிஞ்சுக் குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.